ஈசான மூலைக்கு ஏறாத வெள்ளம்

யாழ்ப்பாணத்தில் சரிவான காணி இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடாநாடு முழுவதும் தட்டை. மலை பார்க்க ஆசைப்பட்டால் கண்டிக்கு பஸ் ஏறவேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஊரில் எவருக்கும் இல்லாத ஒன்று இருக்குமானால் அது என்னைத்தான் தேடி வரும். வந்தது. (சீதனமாக.)

காணி கொடிகாமத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. வடக்கே ஒழுங்கை, தெற்கே தருமு அண்ணையின் வாழைத் தோட்டம். சும்மா பார்த்தால் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் ஒழுங்கைப் பக்கத்தில் ஒரு பந்தை வைத்தால், அது யாரிடமும் கேட்காமல் உருண்டு போய்த் தருமு அண்ணையின் வேலியில் முட்டி நிற்கும். முன்னுக்கும் பின்னுக்கும் முழங்கால் உயர வித்தியாசம். முழங்கால் என்ன பெரிய உயரமா என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

நான் நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். சாய்வும் கோணமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆகவே வீடு கட்டத் தொடங்கியபோது, வெள்ளம் வடியும் வழியை நானே திட்டமிடுவேன் என்று அறிவித்தேன். யாராவது எஞ்சினியரைக் கேட்டுப் பார்க்கலாமே என்றவர்களைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தேன். (அந்தச் சிரிப்பைச் சிலர் இன்னும் மறக்கவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் அதே மாதிரிச் சிரித்துக் காட்டுகிறார்கள்.)

என் மனைவி வதனி குடும்பநல மாது. ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிறவள். கலியாணம் கட்டிய நாள் முதல் நாங்கள் வாடகை வீடுகளில்தான் இருந்தோம். அப்போது இருந்த வீட்டின் சொந்தக்காரர் லண்டனிலிருந்து குடும்பத்தோடு வரப்போவதாகவும், கார்த்திகை முடிய முதல் வீட்டை விடவேண்டும் என்றும் அறிவித்துவிட்டார். மார்கழியில் யாரும் புதுவீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். ஆக, கார்த்திகையைத் தவறவிட்டால் தை பிறக்கும்வரை நாங்கள் நடுத்தெருவில்.

"இன்னொரு வாடகை வீட்டுக்குச் சாமான் கட்ட என்னாலை ஏலாது," என்றாள் வதனி. "கார்த்திகைக்குள்ளை என்ரை குசினியிலை பால் பொங்கோணும். வேறை ஒண்டும் நான் உங்களைக் கேக்கேல்லை."

உண்மையிலேயே அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்கள் காணியில் முதலில் கட்டுவது வீடு அல்ல, மதில். வீடு முடிய வருடக்கணக்காகலாம். மதில் மட்டும் உடனே எழும்பிவிட வேண்டும். அதுவரை எங்களுக்கும் தருமு அண்ணைக்கும் நடுவில் இருந்தது ஒரு கிடுகு வேலி. அதில் ஒரு பொட்டு, அதாவது ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. அந்தப் பொட்டுக்குள்ளால் கறிவேப்பிலை போகும், தேங்காய் வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வரும். நான் வேலியைப் பிடுங்கி, பொட்டையும் ஒழித்து, பின் எல்லை முழுவதும் சீமெந்துக் கல்லால் மதில் எழுப்பத் தொடங்கினேன். தருமு அண்ணை வாழைக்குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"மாஸ்டர், மதிலுக்கு அடியிலை அங்கை இஞ்சை ஓட்டை விட்டுக் கட்டுங்கோ."

"ஏன் அண்ணை?"

"உங்கடை காணி வெள்ளம் காலங்காலமா இதாலை வந்துதான் என்ரை துரவிலை விழுறது. துரவு நிரம்பினால்தான் வாழைக்குத் தண்ணி. மறிச்சுப்போட்டியள் எண்டால் கோடையிலை உவர்த் தண்ணிதான் அள்ளவேணும்."

துரவு என்பது அவருடைய தோட்டத்து மூலையில் இருந்த அகலமான பள்ளக் கிணறு. வாளியோடு இறங்கித் தண்ணீர் அள்ளலாம். மனுசர் நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் என் மூளை வேறு விதமாக வேலை செய்தது. ஒருவர் என்னுடைய கழிவு வெள்ளத்தை ஆசையோடு கேட்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. இன்றைக்கு ஓட்டை, நாளைக்குப் பொட்டு, நாளையின்றைக்குப் பாதை, அதற்கடுத்தது சாவகச்சேரிக் கோட்டில் வழக்கு. அதோடு ஓட்டைக்குள்ளால் அவருடைய கோழிகள் வேறு வரும்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "எங்கடை தண்ணியை நாங்கள் எங்கடை பக்கத்தாலையே விடுவம்."

"எந்தப் பக்கத்தாலை?"

"ஈசான மூலையாலை."

தருமு அண்ணை வடகிழக்கு மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது மேடெல்லோ, மாஸ்டர்."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஈசான மூலை என் கண்டுபிடிப்பு அல்ல. வீட்டுத் தண்ணீர் வடகிழக்கால்தான் வெளியேற வேண்டும் என்று சாத்திரம் சொல்கிறது. நிலையம் எடுத்து, அதாவது வீடு வரவேண்டிய இடத்தைக் குறித்துத் தந்தவரும் அதையே சொன்னார். அந்தச் சாத்திரத்தை எழுதியவர் என் சீதனக் காணியை வந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு வரி சேர்த்து எழுதியிருப்பார். சாத்திரத்தையும் விடக்கூடாது, தருமு அண்ணைக்கும் ஒரு சொட்டு விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் நின்று நான் ஒரு திட்டம் போட்டேன்.

தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. அது எனக்கும் தெரியும். ஆனால் வாய்க்காலின் அடியைப் போகப்போக ஆழமாக்கினால், மேலே நிலம் ஏறினாலும் உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். பின்பக்கத்தில் ஒரு சாண் ஆழம். ஈசான மூலையில் இடுப்பளவு ஆழம். அங்கே மதிலுக்குக் கீழால் ஒரு தடித்த பைப். பைப்பின் மறுமுனை ஒழுங்கையோரத்து வெள்ள வாய்க்காலில். காகிதத்தில் அது அவ்வளவு வடிவாக இருந்தது. ரியூசன் வகுப்பில் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். (அந்த வருடம் அந்த வகுப்பின் பெறுபேறுகளைப் பற்றி இங்கே கதைக்க வேண்டியதில்லை.)

மேசன் ராசனிடம் திட்டத்தைக் காட்டினேன். "ஓம் மாஸ்டர்," என்றார். அதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று கேட்டேன். "ஓம் மாஸ்டர்," என்றார். பிழை இருக்கிறதா, இல்லையா? "ஓம் மாஸ்டர்." அவர் எவருக்கும் இல்லை என்று சொன்னதைக் கேட்டவர்கள் கிடையாது. தருமு அண்ணை ஓட்டை விடச் சொன்னபோதும் ஓம் என்றுதான் சொல்லியிருந்தாராம். இப்படிப்பட்டவரோடு ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது கட்டியவனுக்குத்தான் தெரியும்.

மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரித் தெளிந்த நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துக்கொண்டேன். ஒரு முனை என் கையில், மறுமுனை வதனியின் கையில். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காணியைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தோம். கடைசியில் ஈசான மூலையில் நின்று வதனி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, வெளியிலை ஒழுங்கை வாய்க்காலையும் ஒருக்கா அளந்து பாப்பமே?"

"ஒழுங்கை எங்கடை காணியே?" என்றேன் நான்.

சொல்லிவிட்டுக் குழாயில் இருந்த தண்ணீரை வீசி ஊற்றினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு முட்டாள்தனமான ஒரு கேள்வியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லைக்கு உள்ளே நூல் பிடித்து அளந்தேன். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது ஏதோ அடுத்தவன் வீட்டு யன்னலை எட்டிப் பார்ப்பது போல எனக்குப் பட்டது.

இந்த நேரத்தில்தான் கனடா உள்ளே வந்தது. வதனியின் அண்ணன், என் மச்சான், ரொறொன்ரோவில் இருந்து வீடியோவில் தினமும் கட்டடத்தைப் பார்வையிடுவார். அங்கே அவர் நிலக்கீழ் அறையில் ஒருமுறை தண்ணீர் வந்ததாம். அன்றிலிருந்து வடிகால் விசயத்தில் அவர் ஒரு பேராசிரியர்.

"மச்சான், குசினியைச் சுத்தி ஒரு பிரெஞ்சு வாய்க்கால் போடும். ஓட்டை போட்ட பைப்பைச் சீலையாலை சுத்தி, சல்லிக்கல்லுக்குள்ளை புதைக்கிறது. தண்ணி தன்பாட்டிலை போகும்."

போர்த்துக்கேயர் எங்களை வந்து ஆண்டார்கள். ஒல்லாந்தர் ஆண்டார்கள். ஆங்கிலேயர் ஆண்டார்கள். பிரெஞ்சுக்காரர் மட்டும்தான் பாக்கி. அந்தக் குறையை என் மச்சான் தீர்த்துவைத்தார். குசினியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, பைப்பைப் புதைத்து, அதன் முனையை என் வாய்க்காலோடு பொருத்தினேன். சீலைக்கு மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு. அலுமாரியின் அடித்தட்டில் வதனி உடுக்காமல் வைத்திருந்த மயில்கழுத்து நிறச் சீலை ஒன்று கண்ணில் பட்டது. உடுக்காத சீலை, மண்ணுக்குள் போகிற விசயம், யாருக்குத் தெரியப்போகிறது? சுற்றினேன். நல்ல இறுக்கமாகவே சுற்றினேன்.

குசினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அக்கினி மூலையில், தென்கிழக்கில் இருக்க வேண்டும், இருந்தது. அது பின்பக்கம், பள்ளப் பக்கம். நிலத்தோடு சேர்த்து ஒரு படி இறக்கிக் கட்டினால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று அதையும் நானேதான் சொன்னேன். ராசன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கார்த்திகையின் கடைசி நல்ல நாளில் புதுவீட்டுக் குடிபூரல். வங்காள விரிகுடாவில் வழமைபோலத் தாழமுக்கம். நாங்கள் விடியற்காலையில் சாமான்களோடு போய் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தேன். என் வாய்க்கால் வேலை செய்வதை எல்லோரும் இன்றைக்குப் பார்க்கட்டும்! குடையைப் பிடித்துக்கொண்டு ஈசான மூலைக்கு ஓடினேன். சலசலவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வதனி, ஓடி வாரும்! பாரும், ஓடுது!"

அவள் கூறைச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். குனிந்து வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு தட்டத்தில் இருந்த ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து அதற்குள் போட்டாள். பூ ஒழுங்கைப் பக்கம் போகவில்லை. ஆடி அசைந்து, ஒய்யாரமாக, வீட்டுப் பக்கம் போனது. நானும் அதன் பின்னால் நடந்தேன். குசினி மூலையில் திரும்பியது.

"வடிவாத்தான் ஓடுது," என்றாள் வதனி. "உள்ளுக்கு ஓடுது."

அப்போதுதான் நான் வாழ்க்கையில் முதன்முறையாக மதிலுக்கு வெளியே போய் ஒழுங்கை வாய்க்காலைக் குனிந்து பார்த்தேன். அது ஒரு முழம்கூட ஆழமில்லை. ராசன் பைப்பை மேல்நோக்கிச் சாய்த்துத்தான் அதில் பொருத்தியிருந்தார். இடுப்பளவு ஆழத்தில் நான் வெட்டிய வாய்க்கால் அதற்கு மிகவும் கீழே கிடந்தது. ஒழுங்கையின் தண்ணீர் முழுவதும், மேற்கே கோயிலடியிலிருந்து கிழக்கே கடையடி வரை உள்ள தண்ணீர் முழுவதும், நான் வைத்த தடித்த பைப்புக்குள்ளால் என் வளவுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் எங்கள் வெள்ளத்தை வெளியே விட வழி செய்யவில்லை. ஊர் வெள்ளத்தை வீட்டுக்குக் கூட்டி வர வழி செய்திருந்தேன். பைப்பைச் சாக்கால் அடைத்துப் பார்த்தேன். சாக்கும் உள்ளே போனது.

பின்பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே வந்த வெள்ளத்துக்கு வெளியே போக ஓட்டை கிடையாது. தருமு அண்ணைக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது என்று நான் கட்டிய மதில் சொன்ன சொல்லைத் தப்பாமல் காப்பாற்றிக்கொண்டு நின்றது. வளவு குளமாகிவிட்டது. ஒரு செருப்பு, இரண்டு போத்தல், ஒரு தென்னம்பாளை, "கணிதம் இனி எளிது" என்று என் பெயரோடு அடித்த ரியூசன் விளம்பரம் ஒன்று, எல்லாம் குசினிக் கதவடிக்கு வந்து சேர்ந்தன.

சடங்கென்னவோ முன் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் முதலில் காலடி வைக்கக் கொண்டுவந்த பசு, வாசலில் நின்று உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூன்று பேர் பின்னால் தள்ளியும் அது அசையவில்லை. அதற்கு இருந்த புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஐயர் நல்ல நேரம் போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாஸ்டர், பால் காய்ச்சுற இடத்தைச் சரிப்பண்ணுங்கோ. எனக்கு அங்காலை இன்னொரு இடமும் கிடக்கு."

பால் காய்ச்சுகிற இடம் குசினி. குசினிக்குள் வெள்ளம் கணுக்காலுக்கு மேல். நடுவில் மூன்று கல் வைத்து நாங்கள் முதல்நாள் கூட்டிய அடுப்பின் தலை மட்டும் தெரிந்தது. ராசன் ஒவ்வொரு கல்லுக்கும் மேல் இன்னொரு கல் வைத்தார். வெள்ளமும் ஏறியது. மறுபடி வைத்தார். மறுபடி ஏறியது.

"ராசன், இது சரிவருமே?"

"ஓம் மாஸ்டர்."

அப்போது பின்வாசலுக்கு வெளியே குபுக் என்று ஒரு சத்தம். பிரெஞ்சு வாய்க்கால் சல்லிக்கல்லைத் தள்ளிக்கொண்டு மேலே கிளம்பியது. பைப் மிதந்து, சுற்றியிருந்த சீலை அவிழ்ந்து, மயில்கழுத்து நிறத்தில் பன்னிரண்டு முழம் தண்ணீரில் விரிந்து கதவுக்குள்ளால் நுழைந்தது. வதனியின் தங்கச்சி கையில் பிடித்திருந்த போனில், கனடாவில் இருந்து மச்சான் எல்லாவற்றையும் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கொஞ்சம் கிட்டக் காட்டு," என்றார் அவர். "வதனி, உது நான் போனமுறை கொண்டுவந்து தந்த சீலையெல்லோ?"

வதனி என்னைப் பார்த்தாள். இருபது பேர் நின்ற அந்த வீட்டில் எனக்கு ஒளிக்க ஓர் இடம்கூட இல்லை. எல்லா அறையையும் வெளிச்சம் வரும்படி நானேதான் திட்டமிட்டிருந்தேன். அவள் கையில் பால் செம்பு இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண் நிறைந்துவிட்டது. "நான் இதொண்டுதானே கேட்டனான்," என்றாள், மெதுவாக. அதற்கு அவள் செம்பால் என் தலையில் போட்டிருக்கலாம். எனக்கு அது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பின்மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. தருமு அண்ணை. வதனி எனக்குத் தெரியாமல் அவருக்கும் அழைப்புச் சொல்லியிருந்தாள். பொட்டு இல்லாதபடியால் ஊரைச் சுற்றி வர வெளிக்கிட்டவர், எங்கள் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டு ஒரு ஏணியை வைத்து ஏறிவிட்டார். தலையில் ஒரு உரப்பை. கையில் இரும்பு அலவாங்கு.

"மாஸ்டர், உடைக்கட்டோ?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிலைமையிலும் நான் யோசித்தேன். வெள்ளத்துக்குள் நின்றுகொண்டு, பாதை, வழக்கு, கோழி என்று யோசித்தேன். "அண்ணை, ஒரு சின்ன ஓட்டை மட்டும், அதுவும் இப்போதைக்கு, பேந்து எழுத்திலை ஒரு..." என்று தொடங்கினேன்.

"காணி என்ரை பேரிலை," என்றாள் வதனி. அவள் குரல் ஐயரின் மந்திரத்தையே நிறுத்திவிட்டது. "எனக்குத் தந்த சீதனம். நான் சொல்லுறன். உடையுங்கோ அண்ணை!"

இத்தனை நாளாக எல்லை, எல்லை என்று நான் காவல் காத்த காணியில் எனக்கு ஒரு பிடி மண்கூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தருமு அண்ணை மறுபக்கத்தில் இறங்கினார். அலவாங்கு விழுகிற சத்தம் கேட்டது. ஒரு கல் ஆடியது, விழுந்தது. அடுத்த கணம் வளவு முழுவதும் அந்த ஓட்டையை நோக்கித் திரும்பியது. செருப்பும் போத்தலும் என் விளம்பரமும் கையைக் கோத்துக்கொண்டு போயின. செவ்வந்திப் பூவும் போனது. குசினித் தரை தெரிய வந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஐயர் அவசர அவசரமாகக் கற்பூரத்தைக் கொளுத்தினார். ராசன் எங்கிருந்தோ காய்ந்த சிரட்டை கொண்டுவந்தார். வதனி நனைந்த சீலையோடு சேற்றுக்குள் குந்தி இருந்து பாலைக் காய்ச்சினாள்.

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. வெள்ளம் தெற்கே ஓடியது. ஈசான மூலைக்கு எதுவும் போகவில்லை.

வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பாலை ஒரு பேணியில் ஊற்றி, அந்த ஓட்டைக்குள்ளால் தருமு அண்ணையிடம் நீட்டினாள். அவர் மறுபக்கத்தில் துரவு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே குடித்தார். "நல்ல தண்ணி," என்றார். பாலைச் சொன்னாரா, வெள்ளத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஓட்டையை நான் பிறகு அடைக்கவில்லை. அடைக்க விட்டால்தானே. மழைத் தண்ணீருக்கென்று உடைத்தது இப்போது ஆள் குனிந்து போகுமளவுக்குப் பெரிதாகிவிட்டது. கறிவேப்பிலை போகிறது, தேங்காய் வருகிறது. தருமு அண்ணை ஒருநாளும் பாதை கேட்கவில்லை. வழக்கும் போடவில்லை. ஆனால் கோழி வரும் என்று சொன்னேன் அல்லவா? வருகிறது. தினமும் காலையில் என் விறாந்தையில்தான் நிற்கிறது. அந்த ஒரு விசயத்திலாவது நான் சொன்னது சரி என்பதை இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வருடம் வதனியின் தங்கச்சி நல்லூரில் வீடு கட்டத் தொடங்கினாள். ஒருநாள் போன் எடுத்தாள்.

"அத்தான், ஒருக்கா வந்து காணியைப் பாருங்கோ. வாய்க்கால் எந்தப் பக்கத்தாலை விடுறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் படித்தவனுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதே மட்டக் குழாயோடு போனேன். இந்த முறை காணியை மட்டும் அளக்கவில்லை. தெருவை அளந்தேன், தெரு வாய்க்காலை அளந்தேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு அவருடைய வளவையும் அளந்தேன். எல்லாவற்றையும் இரண்டாம் தரமும் சரிபார்த்தேன். பிறகு எல்லோருக்கும் தெரியும்படி கையை நீட்டி மேற்குப் பக்கத்தைக் காட்டினேன்.

கையை நான் இன்னும் இறக்கவில்லை. மேசன் ராசன் கிழக்குப் பக்கத்தில் கட்டையை அடித்துவிட்டார்.

"ராசன், நான் காட்டினது மேற்கு!"

"ஓம் மாஸ்டர்," என்று இரண்டாவது கட்டையையும் கிழக்கிலேயே அடித்தார்.

"கோவியாதையுங்கோ அத்தான்," என்றாள் தங்கச்சி. "அக்காதான் சொன்னவ. அத்தானைக் கூப்பிட்டுக் கேள், அவர் காட்டுற பக்கத்துக்கு மற்றப் பக்கம் வெட்டு, ஒருநாளும் பிழைக்காதெண்டு."

என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் யாரும் குழாயைப் பிடித்து அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த மாரியில் கொட்டிய மழைக்கு அவள் வளவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. செய்தி கனடாவுக்கும் போய்விட்டது. போன கிழமை மச்சான் வீடியோவில் வந்து, தன் வீட்டின் பின்வளவை மெதுவாகச் சுற்றிக் காட்டினார்.

"மச்சான், ஒண்டும் கதைக்க வேண்டாம். எந்தப் பக்கம் எண்டு ஒருக்காக் கையை மட்டும் காட்டும்."